அம்மைத் தழும்பு இருந்ததால்

எனக்கு ஐந்து வயதில் பெரியம்மை வந்து போனது. திருச்சிப் பக்கத்தில் அப்பாவின் ஊருக்குப் போயிருந்தபோது வந்தது என்று அம்மா சொல்வாள். எனக்கு நினைவிருப்பது விரித்துப் படுத்த வாழை இலையின் குளிர்ச்சி மட்டும்தான். பிறகு இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்து, வேலைக்குப் பேர் பதிந்து, கொழுந்தெடுத்து, கல்யாணம் முடித்து, ஒரு பெண் பிள்ளையும் பெற்றுவிட்டேன். முகத்தில் கிடந்த குழிகளை நானே மறந்துபோயிருந்தேன். இருபத்து மூன்றாவது வயதில் அந்தக் குழிகளைக் காட்டித்தான் என்னைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

எங்கள் தோட்டம் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, மழை விடாத பக்கம். ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம். கீழ் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இந்தியாவுக்குப் போய்க் குலதெய்வம் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். வந்த சில நாளிலேயே இருவரும் காய்ச்சலோடு படுத்துவிட்டார்கள். உடம்பெல்லாம் கொப்புளம் எழும்பியது. அம்மா வந்திருக்கிறாள், வாயைத் திறக்கக் கூடாது என்று லயத்தில் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டோம். நானும்தான். வாசலில் வேப்பிலை செருக வேண்டும். மலையில் வேப்பிலைக்கு எங்கே போவது? கினிகத்தேனைக் கடைத்தெருவில் யாரோ வாங்கிவந்த காய்ந்த கொத்து ஒன்றைச் செருகினார்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டரையாவுக்கு விஷயம் தெரிந்தது.

டாக்டரையா என்று நாங்கள் கூப்பிட்டாலும் அவர் தோட்டத்து மருந்துக்காரர்தான். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துபோகும். அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, "எத்தனை நாளா மறைச்சு வச்சிருக்கீங்க?" என்றார்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலை பிரிக்கவில்லை. நகரத்திலிருந்து ஜீப்பில் பெரிய டாக்டர் ஒருவர் வந்திருந்தார். சிங்களத்தில் பேசினார். டாக்டரையா தமிழில் சொன்னார். நோயாளிகளைத் தோட்டத்தைவிட்டு எங்கேயும் நகர்த்தக் கூடாது. மலை உச்சியில் சும்மா கிடந்த பழைய கொழுந்து மடுவத்தில், முன்பு கொழுந்து எடை போட்ட கொட்டகையில், அவர்களை வைக்க வேண்டும். தோட்டத்தில் எல்லாருக்கும் அம்மை குத்த வேண்டும். இதெல்லாம் சொல்லி முடித்த பிறகு, "ஏற்கனவே இந்த அம்மை போட்டுத் தேறினவங்க யாரு?" என்று கேட்டார்.

யாரும் கையைத் தூக்கவில்லை. தூக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கொழுந்துக்காரிகளின் வரிசையில் நடந்து வந்து என் முன்னால் நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"இது இருக்கே" என்றார்.

ஆண்கள் பக்கத்தில் தொழிற்சாலை அடுப்படியில் வேலை செய்த ஒரு பெரியவர். அவர் முகமும் என் முகம் மாதிரிதான். எங்கள் இரண்டு பேரையும் தனியே நிறுத்தினார்கள்.

"ஐயா, எனக்கு ரெண்டு வயசுப் புள்ள இருக்குங்க" என்றேன்.

"வீட்டுல வேற பொம்பளை யாரும் இல்லையா?"

"நாத்தனா இருக்குங்க. சின்னப் பொண்ணு."

"அப்புறம் என்ன? அது பாத்துக்கும். ஒனக்கு இது திரும்ப வராதுன்னு பெரிய டாக்டர் சொல்றாரு. இன்னும் வராதவங்கள அனுப்பினா அவங்களுக்கும் வந்துரும். யாரை அனுப்பச் சொல்ற?"

நான் என் புருஷனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியாது என்று சொன்னால் பத்துச்சீட்டு. தோட்டத்தைவிட்டு வெளியேற்றும் காகிதம் அது. வாங்கினால் காம்பராவும் போய்விடும், அவர் வேலையும் போய்விடும். அதற்குப் பிறகு எந்த நாட்டில் போய் நிற்பது என்றுகூட எங்களுக்குத் தெரியாத காலம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது.

வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வருகிறேன் என்றேன். போகலாம் என்றார் டாக்டரையா. நாத்தனார் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பிள்ளைக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது. மாமியார் இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். "அம்மை குத்த வருவாங்க. மறக்காம பாப்பாவுக்குக் குத்திரு, நீயும் குத்திக்க" என்றேன். "சரி அண்ணி" என்றாள். பிள்ளை ரொட்டியை எனக்கும் ஒரு வாய் நீட்டினாள். வாங்கித் தின்றுவிட்டுப் போனேன்.

மடுவம் என்பது நாலு தூணும் தகரக் கூரையும்தான். மூன்று பக்கம் படங்குச் சாக்கைக் கட்டி மறைத்திருந்தார்கள். நடுவில் இன்னொரு சாக்குத் திரை. அந்தப் பக்கம் ஆண், இந்தப் பக்கம் பெண். மேலே வரும் பாதையில் ஒரு டர்பன்டைன் மரத்துக்கும் ஒரு பாறைக்கும் இடையே கயிறு கட்டி, கம்போடு ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தினார்கள். சோறும் பாலும் கயிற்றடியில் வைத்துவிட்டு அவன் விலகிக்கொள்வான். நான் போய் எடுத்து வருவேன்.

முதல் நாளே டாக்டரையாவிடம் கேட்டேன். "எனக்குத்தான் வராதே ஐயா. வேலையை முடிச்சிட்டு அந்தியில வீட்டுக்குப் போயிட்டுக் காலையில வந்துர்றேனே."

அவர் வெள்ளைக் கோட்டின் மேல் இன்னொரு நீளமான கோட்டைப் போட்டிருந்தார். அவருக்கு அம்மை குத்தியிருந்தது. ஆனாலும் உள்ளே வரும்போதெல்லாம் அதை மாட்டிக்கொண்டு, போகும்போது மருந்துத் தண்ணீரில் அமுக்கிவிட்டுப் போவார்.

"ஒனக்கு வராதும்மா. ஆனா ஒன் சேலையில ஒட்டிக்கிட்டு வரும். ஒன் தலைமுடியில வரும். நீ புள்ளையத் தூக்கினா புள்ளைக்குப் போகும்."

"அப்ப எப்பதான் போறது?"

"கடைசிப் பொருக்கு உதிரணும். அப்பதான்."

கடைசிப் பொருக்கு. அன்றிலிருந்து அந்த இரண்டு பேருடைய உடம்பையும் பார்ப்பதுதான் எனக்கு நாட்காட்டியாகிவிட்டது. கொப்புளம் நீர் கோத்தது, சீழ் வைத்தது, நடுவில் குழி விழுந்தது. கொஞ்சம் காய்ந்தால் மனம் குதிக்கும். பக்கத்தில் இன்னொன்று ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் படுத்துவிடும். அந்தப் பெண்ணின் முதுகைத் துடைக்கும்போது, சீக்கிரம் காயேன், காயேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே துடைத்திருக்கிறேன். அவள் தேற வேண்டும் என்பதற்காக இல்லை. நான் போக வேண்டும் என்பதற்காக.

நாற்றத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. மழை தகரத்தில் விழும் சத்தம்தான் அதைவிடக் கொடுமை. நாள் முழுக்க ஓயாது. பேசினால் கேட்காது. பெரியவர் பேசுகிற ஆளும் இல்லை. தன் பக்கத்து வேலையை முடித்துவிட்டுத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "ஒங்களுக்கு எப்படி இருக்க முடியுது?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு வெளிய யாரும் இல்லையே" என்றார்.

எனக்கு இருந்தார்கள். வேலை விட்டு வரும்போது என் புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு எதிரே ஓடையின் அந்தக் கரையில் வந்து நிற்பார். நான் இந்தப் பக்கம் சரிவின் விளிம்பில் நிற்பேன். மழை இல்லாத நேரம் குரல் கேட்கும்.

"பாப்பாவுக்கு அம்மை குத்தியாச்சா?"

"குத்தியாச்சு! கையில துணி சுத்திருக்கு!"

பிள்ளை முதல் நாட்களில் இரண்டு கைகளையும் நீட்டி அழுதாள். அவர் தோளிலிருந்து என் பக்கம் சாய்வாள். அவர் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு வாரம் போன பிறகு அழுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் செடியில் இலை பறிக்கக் கையை நீட்டினாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அந்த ஆம்பளை இறந்துபோனார். கொப்புளங்கள் ஒன்றோடொன்று கலந்து போயிருந்தன. டாக்டரையா முன்பே தலையை ஆட்டியிருந்தார். பெரியவரும் டாக்டரையாவும்தான் தூக்கிக்கொண்டுபோய்ச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். அவருடைய பெண்டாட்டி திரைக்கு இந்தப் பக்கம் கண் திறக்க முடியாமல் கிடந்தாள். "அவருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "தூங்குறாரு" என்றேன். அவளுக்குக் காய்ச்சல் இறங்கும்வரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் உண்மையைச் சொன்னபோது, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

அவளுக்கு முகத்தில் பொருக்கு உதிரத் தொடங்கியது. உள்ளங்காலில் மட்டும் மிச்சம். "அடுத்த வாரம் நீ வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டரையா சொன்னார். அன்று மத்தியானம் நான் என் துணி மூட்டையை அவிழ்த்து மறுபடி மறுபடி கட்டினேன். அதிலிருந்தது ஒரே ஒரு மாற்றுச் சேலை. அதையும் எரித்துவிடுவார்கள் என்று தெரியும்.

இரண்டு நாள் கழித்துப் பாதையில் தூக்குக்கட்டில் ஒன்று வந்தது. கம்பளிக்குள் யார் என்று தெரியவில்லை. கயிற்றடியில் வைத்துவிட்டுத் தூக்கி வந்தவர்கள் விலகி நின்றார்கள். நானும் பெரியவரும் போய்த் தூக்கினோம். கம்பளி விலகியது. என் நாத்தனார்.

நெற்றியிலும் முழங்கையிலும் சிவப்பாகப் புள்ளி எழும்பியிருந்தது. உடம்பு கொதித்தது. இவளுக்கு எப்படி? எல்லாருக்கும்தான் குத்தியாகிவிட்டதே. படுக்கவைத்துவிட்டு அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். குத்திய அடையாளமே இல்லை.

"அண்ணி" என்றாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பாவுக்கும் குத்தல."

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னா சொல்ற?"

"அம்மை குத்த வந்த அன்னிக்குப் பாப்பாவத் தூக்கிக்கிட்டு மலையில போய்ச் செடிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். எங்க தம்பி செத்தது அம்மை குத்தின வாரத்துலதான அண்ணி. காய்ச்சல் வந்து கையெல்லாம் வீங்கி... எனக்குப் பயமாப் போச்சு. அண்ணன் கேட்டாரு. கையில துணியச் சுத்தி வச்சுக் குத்தியாச்சுன்னு சொல்லிட்டேன்."

அந்தத் தம்பியைப் பற்றி எனக்குத் தெரியும். வேறு ஏதோ காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அதை அப்படித்தான் நம்பினார்கள்.

"இவங்க காம்பராவுக்கும் போனியா? மறைச்சு வச்சிருந்தப்ப?"

"மோர் கொண்டு போய்க் கொடுத்தேன். ரெண்டு நாள்."

நான் எழுந்து ஓடினேன். சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். கயிறு வரை போய்விட்டேன். காவல்காரன் கம்பை நீட்டி, "ஏய், நில்லு! வராத!" என்று கத்தினான். அந்தக் கம்பு என்னை நிறுத்தவில்லை. அவன் ஒரு சின்ன ஆள், தள்ளிவிட்டு ஓடியிருப்பேன். ஆனால் குனிந்து பார்த்தபோது என் சேலை முழுக்க நாத்தனாரைத் தூக்கிய ஈரம். கயிற்றைப் பிடித்த என் விரலில் அவளுடைய வியர்வை. இந்த உடம்போடு நான் எங்கள் காம்பராவுக்குள் போய்ப் பிள்ளையை எடுத்தால், வருவது நானாக இருக்காது, நோயாக இருக்கும். கயிற்றைக்கூட விட்டுவிட்டுப் பின்னால் வந்தேன். சேற்றில் உட்கார்ந்து கத்தினேன்.

"பாப்பாவுக்குக் குத்தலையாம்! டாக்டரையாகிட்டச் சொல்லுங்க! ஓடுங்க!"

அவன் கம்பைப் போட்டுவிட்டு ஓடினான். நல்ல மனுஷன்.

டாக்டரையா அன்று அந்திக்கு முன்பே பிள்ளைக்கு அம்மை குத்திவிட்டுத்தான் என்னிடம் வந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். மூச்சு வாங்கியது.

"குத்திட்டேன். ஒன் புருஷனையும் புள்ளையையும் காம்பராவுக்குள்ளயே இருக்கச் சொல்லிட்டேன். வெளிய வரக் கூடாது. வாசல்ல ஆள் போட்டிருக்கு."

"காப்பாத்துமா ஐயா? அவ கூடத்தானே படுத்திருந்திச்சு."

அவர் யோசித்துத்தான் பேசினார். "அம்மைக் கிருமி உள்ள போனதும் உடனே எழும்பாது. பத்துப் பன்னண்டு நாளு உள்ளேயே இருந்து பெருகும். குத்தின அம்மைப்பாலு அதுக்குச் சொந்தக்கார சாதி, ஆனா ஆளைக் கொல்லாது. உடம்பு அதைப் பாத்து முந்தியே ஆள் சேத்துரும். முந்திக்கிட்டா புள்ளை தப்பிச்சிரும்."

"முந்தலைன்னா?"

"புள்ளி எழும்பி ஒரு நாளுதான் ஆச்சு அவளுக்கு, அதுக்கு முந்தி அவ்வளவா ஒட்டாது. முந்தும்னுதான் நினைக்கிறேன்." பிறகு, "நினைக்கிறேன்" என்று இன்னொரு தடவை சொன்னார். அந்த இரண்டாவது தடவைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

இனி ஓடைக்கரைக்கும் யாரும் வரமாட்டார்கள். லயத்துக் காம்பராவுக்குள் அவர்கள் இரண்டு பேர், மடுவத்துக்குள் நான். அடுத்த வாரம் போகலாம் என்ற பேச்சே இல்லை. நாத்தனாரின் உடம்பில் இன்னும் கொப்புளமே முழுசாக எழும்பவில்லை. அவளுடைய கடைசிப் பொருக்குவரை இருந்தாக வேண்டும். முதலில் வந்தவள் மூன்றாம் நாள் குளித்துப் புதுத்துணி கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். கயிற்றைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் அவளுக்கு எத்தனை நாள் ஊட்டியிருப்பேன்! ஆனால் நானாக இருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

நாத்தனாரை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அது முழு உண்மை இல்லை. கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்ட பிறகு, அவள் ஒரு மத்தியானம் "அண்ணி, தண்ணி" என்று கூப்பிட்டாள். நான் மூன்று எட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். நான் இல்லை என்று நினைத்து, கையால் தரையைத் தடவிக் குவளையைத் தேடினாள். கொப்புளம் உடைந்த கை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். மறுபடி போய்த் தூணில் சாய்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் அவள் வாயைத் துடைக்கும்போது, "நீங்க இங்கதான் இருந்தீங்கன்னு தெரியும் அண்ணி" என்றாள்.

"தெரிஞ்சா என்னா?"

"பாப்பாவுக்கு வந்துச்சுன்னா எனக்குத் தண்ணி தராதீங்க. அப்படியே விட்டுருங்க."

"வாய மூடு" என்றேன். துடைத்துக்கொண்டே அழுதேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டதும் போனேன். கோபம் தீர்ந்துவிடவில்லை. அது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டே போனேன்.

குத்தி எட்டாம் நாள், டாக்டரையா வழக்கத்தைவிட நேரத்தோடு வந்தார்.

"புள்ளைக்குக் காய்ச்சலு."

அவர் மேலே பேசிக்கொண்டிருந்தார். கை சிவந்திருக்கிறது, குத்திய இடத்தில் கொப்புளம் பெரிதாக எழும்பியிருக்கிறது, கமுக்கட்டில் நெறி கட்டி வீங்கியிருக்கிறது, தொட்டால் வீரிடுகிறாள். நாத்தனார் உள்ளேயிருந்து, "நெறி கட்டிருச்சா? எங்க தம்பிக்கும் அப்படித்தான்! அப்படித்தான் அண்ணி!" என்று அலறினாள்.

"சும்மா இரு" என்று அவளை அதட்டிவிட்டு டாக்டரையா என்னைப் பார்த்தார். "நெறி கட்டினது நல்லதும்மா. கால்ல அட்டை கடிச்சுப் புண்ணானா ஒங்களுக்கெல்லாம் தொடையிடுக்குல நெறி கட்டுமே, அது ஏன்? கிருமி மேல ஏறாம அந்த எடத்துல வச்சுப் பிடிக்கத்தான். இப்பவும் அதான். கையில குத்தினது கமுக்கட்டு வரைக்கும் போயிருச்சு, அங்க உடம்பு முழிச்சுக்கிருச்சு. குத்தின எடம் சும்மா கிடந்திருந்தாத்தான் நான் பயந்திருப்பேன்."

"காய்ச்சலு அம்மைக் காய்ச்சலா இருந்தா?"

"அது இன்னும் நாலஞ்சு நாள்ல தெரிஞ்சிரும்" என்றார். என்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

பல வருஷத்துக்குப் பின்னால், அறுபதுகளில், நான் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக வேலை பார்த்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஆயாமார்களை அட்டனுக்குக் கூப்பிட்டு ஒரு நர்ஸம்மா வகுப்பு எடுத்தார். சுவரில் ஒரு மனித உடம்பின் படம் தொங்கியது. ரத்தக் குழாய்களைத் தவிர இன்னொரு வகைக் குழாய்கள் பச்சை நிறத்தில் கை, கால், வயிறு என்று எங்கும் ஓடின. நர்ஸம்மா அதை நிணநீர் என்றார். ரத்தத்திலிருந்து கசிகிற தெளிந்த நீர். அதைத் தள்ள இதயம் மாதிரி ஒன்றும் இல்லை, நாம் நடந்தால், கையை அசைத்தால் அது நகர்கிறது. நகர்ந்துபோய் அங்கங்கே உள்ள முடிச்சுகளில் வடிகிறது. கழுத்து, கமுக்கட்டு, தொடையிடுக்கு. அந்த முடிச்சுகளுக்குள் வெள்ளை அணுக்கள் காத்திருக்கின்றன. வந்த கிருமி இன்னது என்று அடையாளம் கண்டதும் அதற்கென்றே பெருகுகின்றன, அப்போதுதான் முடிச்சு வீங்குகிறது. சண்டை முடிந்த பிறகு கொஞ்சம் பேர் சாகாமல் இருந்துவிடுகிறார்கள். அதே கிருமி மறுபடி வந்தால் அவர்களுக்குத் தெரியும். வேறு கிருமி வந்தால் தெரியாது. மற்ற ஆயாமார்கள் சிரித்துப் பேசிக்கொண்டு எழுதினார்கள். நான் மேசைக்கு அடியில் கையை விட்டு என் கமுக்கட்டை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அத்தனை நாள் அடைத்து வைத்தது இவர்கள்தான் என்று நினைத்தேன். என் பிள்ளையைப் பிழைக்க விட்டதும் இவர்கள்தான்.

அந்த நாலைந்து நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் மடுவத்தின் நாலு தூண்களையும் சுற்றிச் சுற்றி நடந்தேன். தரையில் ஒரு தடம் விழுந்துவிட்டது. காவல்காரன் சோற்றை வைக்கும்போதெல்லாம், "ஏதாவது தெரியுமா?" என்று கேட்பேன். "இன்னும் ஒண்ணும் இல்ல தாயி" என்பான். ஒன்றும் இல்லை என்பது நல்லதா கெட்டதா என்று எனக்கு யோசிக்க வராது. மழை பெய்துகொண்டே இருந்தது. என் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போது, சில சமயம் கொப்புளத்தோடுதான் வந்தது.

பிறகு ஒரு காலை டாக்டரையா வந்து, கயிற்றடியிலேயே நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "காய்ச்சல் விட்டுருச்சு. உடம்புல ஒண்ணும் இல்ல. கையில மட்டும் ஒரே ஒரு வடு. இனி வராது."

நான் நாத்தனாரிடம் போய்ச் சொன்னேன். மூடிய கண்ணிலிருந்து நீர் வந்து பொருக்குகளில் இறங்கியது. எரிந்திருக்கும். துடைத்துவிட்டேன்.

அதற்கு மேலும் இரண்டு வாரத்துக்குமேல் அங்கே கிடந்தோம். கடைசிப் பொருக்கு உதிர்ந்த நாளில், மருந்து கலந்த தண்ணீரில் தலையோடு குளிக்கச் சொன்னார்கள். நடுங்க நடுங்கக் குளித்தோம். சேலைகளையும் சாக்குகளையும் போட்டுக் கொளுத்தினார்கள். தோட்டத்தில் கொடுத்த புதுத்துணியைக் கட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். அவளுடைய இடது கண் வெளுத்துப்போயிருந்தது. அதில் பார்வை திரும்பவே இல்லை. முகம் என் முகத்தைவிட மோசம். பெரியவர் எங்களுக்குப் பின்னால் வந்தார். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருத்திகூட வா என்று சொல்லவில்லை.

காம்பரா வாசலில் என் புருஷன் பிள்ளையோடு நின்றார். நான் கையை நீட்டினேன். பிள்ளை அவர் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். அந்த முகத்தைக் கண்டு அலறப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அத்த" என்றாள். குரலை வைத்துக் கண்டுகொண்டாளோ, நடையை வைத்தோ, தெரியாது. போய் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

நாத்தனார் பிள்ளையைத் தொடாமல் என்னைப் பார்த்தாள். "அண்ணி, தூக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அவளை அங்கேயே பிடித்துத் தள்ளிவிட்டுப் பிள்ளையைப் பறித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"தூக்கு" என்றேன்.

பிள்ளை என்னிடம் வர எட்டு நாள் ஆனது. அதுவரை அவள் கையில்தான் சாப்பிட்டாள், அவள் பக்கத்தில்தான் படுத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் இருந்தேன். எட்டாம் நாள், நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து என் முதுகில் சாய்ந்து நின்றாள். திரும்பினால் ஓடிவிடுவாளோ என்று பயந்து, ரொட்டி கருகுகிறவரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.